கடைசி வள்ளமும் இடப்பக்கத்துக் கணுக்களும்

போன மாதம் உங்கள் சத்திரசிகிச்சை டொக்டர்மாரின் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, மேடையில் கதிரை போட்டு இருத்தினீர்கள். பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை எழும்பிக் கேட்டார்: "சேர், சலப்பைப் புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்யேக்கை எத்தினை நிணநீர்க் கணு எடுத்தால் போதும்?"

"எண்ணுற டொக்டர் களைக்கிற அளவுக்கு" என்று நான் பகிடியாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. எழுதுவதற்குத் திறந்து வைத்திருந்த கொப்பியை மூடிவிட்டு இருந்துவிட்டார்.

புங்குடுதீவு இறுப்பிட்டியில் என் வீட்டுக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான மறுமொழி ஒன்று இருக்கிறது. அதை ஆட்களுக்கு முன் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. கத்தி பிடித்த கைக்கு வேறு வேலை இன்னும் பழகவில்லை. வளவில் பூசணிக் கொடியை வேலியிலிருந்து பிரித்து விடும்போதும் என் விரல்கள் நாடி எங்கே, நாளம் எங்கே என்று தேடுகின்றன. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஒருநாள் இது வரும். தியேட்டரின் குளிர், கை கழுவும் தொட்டியில் விழும் தண்ணீரின் சத்தம், முகமூடிக்கு மேலே தெரியும் கண்களை வைத்தே ஆளை அடையாளம் காணுகிற அந்தப் பழக்கம், எல்லாவற்றுக்கும் மனம் ஏங்குகிறது. ஆனால் யாராவது வந்து, ஒன்றைத் திருப்பித் தருகிறோம், எது வேண்டும் என்று கேட்டால் நான் முப்பது வருடத்தையும் கேட்கமாட்டேன். ஒரே ஒரு மணித்தியாலத்தைத்தான் கேட்பேன்.

என் பட்டப்பெயர் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். "எக்ஸ்பிரஸ்." எனக்குத் தெரியாது என்று நினைத்து வார்டில் கதைப்பார்கள். எனக்குத் தெரியும், உள்ளூர அதில் பெருமையும் இருந்தது. மற்றவர்கள் ஆறு மணித்தியாலத்தில் செய்வதை நான் நாலரையில் முடிப்பேன். இரத்தம் குறைவாகப் போகும், மயக்க மருந்து கொடுப்பவருக்கும் என்னோடு வேலை செய்ய விருப்பம். வேகம் கெட்டதல்ல. அது எனக்குத் தலைக்கேறிப் போயிருந்ததுதான் கெட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. சலப்பையில், அதாவது சிறுநீர்ப்பையில், தசைக்குள் இறங்கிய புற்றுநோயென்றால் சலப்பையை முழுதாக எடுக்கிறோம். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, சலம் வெளியே வயிற்றில் ஒட்டிய பைக்குள் வர வழி செய்கிறோம். இதற்கிடையே இடுப்பின் இரண்டு பக்கத்திலும் பெரிய இரத்த நாடிகளை ஒட்டிக் கிடக்கும் நிணநீர்க் கணுக்களை எடுக்கிறோம். நோய் சலப்பையை விட்டு வெளிக்கிட்டால் முதலில் தங்குகிற இடம் அதுதான். எடுப்பதில் இரண்டு பயன். அங்கே கொஞ்சமாகத் தங்கியிருந்தால் அதோடு போகலாம். போகாவிட்டாலும், அங்கே நோய் இருந்தது என்பது தெரிந்துவிடும், அடுத்த மருந்தை நேரத்தோடு தொடங்கலாம். இந்த இரண்டாவது பயனைத்தான் நாங்கள் லேசாக மறந்துவிடுகிறோம்.

எனக்கு இதைப் பழக்கியவரின் பெயரை எழுதமாட்டேன். உயிரோடு இருந்தால் பெயர் போட்டதற்கே என்னைத் திட்டித் தீர்த்திருப்பார். அவருடைய தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. தாதியின் மேசையில் ஆறு சிறிய வெள்ளிரும்புக் கிண்ணங்கள் இருக்கும். வலப்பக்கத்துக்கு மூன்று, இடப்பக்கத்துக்கு மூன்று. வெளி நாடியோரம் ஒன்று, நரம்புக் குழி ஒன்று, உள் நாடியோரம் ஒன்று. எந்த இடத்தில் எடுத்த கணு அந்த இடத்துக்குரிய கிண்ணத்துக்குள் போகவேண்டும். ஒரு கிண்ணம் வெறுமையாகத் திரும்பினால், ஏன் என்று காரணத்தை ஒப்பரேசன் குறிப்பில் சத்திரசிகிச்சை செய்தவரே தன் கையால் எழுதவேண்டும். உதவிக்கு நின்றவர் எழுதக்கூடாது.

ஒருமுறை அவருடைய சொந்தக் கிண்ணமே ஒன்று வெறுமையாகப் போனது. அன்று ஏற்கெனவே இரண்டு பெரிய ஒப்பரேசன் முடித்திருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனையை எடுத்து என்ன எழுதுகிறார் என்று நான் எட்டிப் பார்த்தேன். "வலது உள் நாடியோரம் எடுக்கவில்லை. காரணம்: என் கை களைத்துவிட்டது." கீழே கையெழுத்து. "சேர், இதை ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?" என்று கேட்டேன்.

"பாக்கத்தான் எழுதுறன்" என்றார். "நாளைக்கு இந்த மனிசனுக்கு மருந்து குடுக்கிறதோ விடுறதோ எண்டு யோசிக்கிற டொக்டருக்கு, அங்கை நான் பாக்கேல்லை எண்டது தெரியவேணும். என்ரை மரியாதையைப் பற்றி அவருக்கென்ன கவலை?"

அந்த ஆறு கிண்ண வழக்கத்தை நானும் என் தியேட்டருக்குக் கொண்டு வந்தேன். கிண்ணத்தைக் கொண்டு வந்தேன், அந்த மனிதரின் நேர்மையை முழுதாகக் கொண்டு வரவில்லை என்பதை இனிச் சொல்லப்போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னர், நெடுந்தீவிலிருந்து ராசதுரை என்றொருவர் சலத்தோடு இரத்தம் போகிறதென்று வந்தார். ஐம்பத்தேழு வயது. தண்ணீர்ப் பம்பும் வள்ளத்து என்ஜினும் திருத்துகிறவர். நகக்கண்ணெல்லாம் கறுப்பு எண்ணெய், சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. சோதித்துப் பார்த்ததில் நோய் தசைக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் மனைவி பரமேஸ்வரி நின்றார். ஒல்லியான மனிசி, நான் சொல்லும் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டு விளங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்ததுக்குப் போக விடுவார்.

ராசதுரையை ஸ்கேனுக்கு அனுப்பியிருந்த நேரத்தில் பரமேஸ்வரி என்னிடம் தனியாகச் சொன்னார்: "டொக்டர், எனக்கு இருபத்தேழு வயசிலை இவரைப் பேசி வைச்சவை. அந்த வருசமே வெளிநாடு போனவர். விசா இல்லாமல் அங்கை மாட்டுப்பட்டு, பதினெட்டு வருசம் கழிச்சுத்தான் வந்து சேர்ந்தவர். ஊரிலை எல்லாரும் வேறை மாப்பிளை பார் எண்டவை. நான் பொறுத்து நிண்டனான். கலியாணம் கட்டி இப்பதான் பதினொரு வருசம். எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் இவரோடை இருக்கவேணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

முப்பது வருட வேலையில் இப்படி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் "இன்னும் கொஞ்சக் காலம்" என்று அவர் சொன்ன விதம் எனக்குள் போய் இருந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றுங்கோ என்று அழுகிறவர்களுக்கு நாங்கள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவோம். இவர் அளவாகக் கேட்டார். அளவாகக் கேட்கிறவர்களுக்கு இல்லையென்று சொல்வது கஷ்டம்.

ஒப்பரேசன் அன்று காலையில் தியேட்டர் வாசலில் பரமேஸ்வரி நின்றார். முடிந்த பிறகு ராசதுரையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோவார்கள், அங்கே ஆட்களை நிற்க விடமாட்டார்கள். நெடுந்தீவு வீட்டில் பாரிசவாதத்தில் படுக்கையாகக் கிடந்த பரமேஸ்வரியின் தகப்பன், மகள் கையால் கொடுத்தால்தான் சாப்பிடுவாராம். ஆகவே ஒப்பரேசன் முடிந்ததும் போய்விட்டு, அடுத்தநாள் காலை வள்ளத்தில் வருவது என்பது அவருடைய திட்டம். இதெல்லாம் எனக்கு முன்னரே தெரியும்.

"எத்தினை மணிக்கு முடியும் டொக்டர்?" என்று கேட்டார். "நேரம் தெரிஞ்சால் நான்..."

நான் முடிக்க விடவில்லை. "நானும் தீவான்தான். பின்னேரம் கடைசி வள்ளத்தைப் பிடிக்கிற மாதிரி முடிச்சுத் தாறன். மூண்டு மணிக்கு நீங்கள் பஸ் ஏறலாம். யோசியாதையுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்! நான் புங்குடுதீவில் பிறந்தவன். குறிகட்டுவான் துறையில் பஸ் வந்து நிற்க முன்னமே குதித்து இறங்கி, பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடுகிற நெடுந்தீவு ஆட்களைப் பார்த்து வளர்ந்தவன். தீவார் என்றால் வள்ளத்துக்கு ஓடுகிறவர்கள் என்று என் மண்டையில் பதிந்திருந்தது. கொழும்பு டொக்டருக்கு இந்த அருமை தெரியாது, எனக்குத் தெரியும் என்ற செருக்கு வேறு.

அன்று இரத்தம் வந்து சேரப் பிந்திவிட்டது. எட்டரைக்குத் தொடங்க வேண்டியது பத்து மணியாயிற்று. சலப்பை எடுத்து, வலப்பக்கத்துக் கணுக்களும் எடுத்து முடிய ஒன்றரை மணி. வலப்பக்கத்து மூன்று கிண்ணமும் நிறைந்திருந்தன. குடல் வேலைக்கும் தைத்து மூடுவதற்கும் ஒரு மணித்தியாலம் வேண்டும். இனி இடப்பக்கம்.

இடப்பக்கம் லேசில் விடவில்லை. சண்டைக் காலத்தில் ஷெல் துண்டு ஒன்று எடுத்த தழும்பு அங்கே இருந்தது. எல்லாம் நாடியோடு ஒட்டிப் பிடித்திருந்தது. வெளி நாடியோரம் கொஞ்சம் வந்தது, முதலாவது கிண்ணத்தில் போட்டேன். நரம்புக் குழிக்குள் சும்மா ஒரு நுனி வந்தது. உள்ளே போகவேண்டும். ஏலாத வேலையில்லை. இதைவிடக் கூட ஒட்டியதைப் பொறுமையாகப் பிரித்திருக்கிறேன். ஒரு மணித்தியாலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்று ஐம்பது.

எதிரே உதவிக்கு நின்ற இளைய டொக்டர் மெதுவாகச் சொன்னார்: "சேர், உள் நாடியோரம் தடிப்பாய் இருக்கிற மாதிரிக் கிடக்கு. விரலுக்குத் தட்டுப்படுது."

"தழும்பு அது. நேரத்தைப் பாரும்" என்றேன்.

தலைமைத் தாதி, எங்கள் பெரிய மிஸி, இடப்பக்கத்து மூன்றாவது கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றார். என்னோடு பதினாறு வருடம் வேலை செய்தவர். "போதும், குடலுக்கு வாறன்" என்றேன். அவர் உடனே கிண்ணத்தை இழுக்கவில்லை. இரண்டு மூச்சு விடும் நேரம் நீட்டியபடியே வைத்திருந்துவிட்டுப் பிறகு வெறுமையாக மேசையில் திருப்பி வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க வெளியே வந்தேன். "வடிவாய் முடிஞ்சுது. ஓடுங்கோ, வள்ளத்தைப் பிடிக்கலாம்" என்றேன். பரமேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டார். முகத்தில் ஆறுதல் இருந்தது. அதோடு ஏதோ விளங்காத மாதிரி ஒரு பார்வையும் இருந்தது. களைப்பு என்று நினைத்தேன். சொன்ன நேரத்துக்கு முடித்துக் கொடுத்த சந்தோசத்தில் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

பிறகு குறிப்பு எழுத இருந்தேன். இடது உள் நாடியோரம் எடுக்கவில்லை. காரணம்? பேனை கொஞ்ச நேரம் நின்றது. "கடுமையான ஒட்டுதல்" என்று எழுதினேன். ஒட்டுதல் இருந்தது உண்மை. காரணம் அது இல்லை. அரை உண்மையை எழுதுவது முழுப் பொய்யை எழுதுவதைவிடச் சுகம், கை கூசாது.

இரண்டு கிழமையில் நோயியல் அறிக்கை வந்தது. சலப்பையில் நோய் தசையைத் தாண்டவில்லை. கணுக்களில் புற்று இல்லை. அதற்கு முதல்நாள் நோயியல் நிபுணர் எனக்கு ஃபோன் எடுத்திருந்தார். நல்ல மனிதர், சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்துச் சொல்லுகிறவர். "இடப்பக்கம் ரெண்டே ரெண்டுதான் வந்திருக்கு. மிச்சம் ஏதும் போத்தில் மாறிப்போச்சோ எண்டு கேட்டனான்" என்றார்.

"இல்லை, கிடைச்சது அவ்வளவுதான்" என்றேன். கிடைச்சது என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். நான் தேடாமல் விட்டதைக் கிடைக்காதது ஆக்கிவிட்டேன்.

கணுவில் நோய் இல்லையென்றபடியால் மருந்து ஏற்றத் தேவையில்லை, சோதித்துக்கொண்டு இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. ராசதுரைக்கு நான்தான் சொன்னேன். வயிற்றுப் பையைத் தடவிக்கொண்டு, "அப்ப இந்தப் பம்பு திருந்தியிட்டுது" என்று சிரித்தார். பரமேஸ்வரி நெடுந்தீவிலிருந்து பனங்கட்டி கொண்டு வந்து தியேட்டர் ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தார். பெரிய மிஸி தன் பங்கை வாங்கி மேசையில் வைத்தார், சாப்பிட்டதை நான் காணவில்லை.

தம்பிமார், தங்கச்சிமார், அறிக்கை நாங்கள் அனுப்பியதைப் பற்றி மட்டும்தான் பேசும். நாங்கள் உள்ளே விட்டதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நான் அந்த அறிக்கையை எனக்கு நானே எழுதிய நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

பதினாலு மாதம் கழித்து ராசதுரை நொண்டிக்கொண்டு வந்தார். இடக்கால் தொடையிலிருந்து பாதம் வரை வீங்கியிருந்தது. காலைத் தொட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஸ்கேன் படத்தைப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம், உள் நாடியோரம், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. நான் கையை எடுத்த அதே இடம்.

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கொஞ்சம் சுருங்கி, பிறகு வளர்ந்தது. இதற்கிடையில் எனக்கு வயது வந்து ஓய்வும் கிடைத்தது. பிரியாவிடைக் கூட்டத்தில் என் வேகத்தைப் பற்றி மூன்று பேர் புகழ்ந்தார்கள். எழும்பி ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. அந்தக் கிழமையே ராசதுரை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டோடு போய்விட்டார், இனி மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்று மனம் நச்சரித்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை வள்ளத்தில் நெடுந்தீவுக்குப் போனேன். புங்குடுதீவான் என்று பெயர்தான், எங்கள் தீவுக்குப் பாலம் இருக்கிறது, பஸ் வருகிறது. நெடுந்தீவுக்கு நான் வள்ளம் ஏறியது அதற்கு முதல் இரண்டே தரம்தான்.

ராசதுரை சாய்மனைக் கதிரையில் இருந்தார். வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார். ஆள் பாதியாகிப் போனார். விறாந்தையில் கழற்றிய என்ஜின் ஒன்று சாக்கு விரித்துப் போட்டபடி கிடந்தது. பரமேஸ்வரி என்னைக் கண்டதும் பதறி வரவேற்றார். தகப்பன் போன வருடமே காலமாகிவிட்டாராம். அவித்த மரவள்ளியும் சம்பலும் தந்தார். ராசதுரை என்ஜினைக் காட்டி, இருந்த இடத்திலிருந்தே பக்கத்து வீட்டுக்காரருக்குத் திருத்தச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். கதைத்தோம், கதைத்தோம், நான் சொல்ல வந்தது மட்டும் வாயில் வரவில்லை.

திரும்பும் வள்ளம் இரண்டரைக்கு. இரண்டு மணியானதும் நான் கையை மடக்கி நேரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். நேரம் போய்விட்டதென்று எழும்பிவிடலாம், சொல்லாமலே தப்பிவிடலாம் என்றும் ஒரு எண்ணம்.

பரமேஸ்வரி கண்டுவிட்டார். "அவசரப்படாதையுங்கோ டொக்டர். நீங்கள் இஞ்சை வருத்தக்காரனோடை நிக்கிறியள் எண்டு துறைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிட்டன். வள்ளம் நிக்கும்."

"எனக்காக நிப்பாட்டினவையோ?" என்று கேட்டேன்.

"உங்களுக்கெண்டு இல்லை. ஆஸ்பத்திரி விசயமெண்டால் ஆருக்கும் நிக்கும். குறிகட்டுவானிலையும் அப்பிடித்தான். ஆஸ்பத்திரியிலை எங்கடை ஆக்கள் நிக்கினம் எண்டு சொல்லிவிட்டால், அவை வந்து சேருமட்டும் கடைசி வள்ளம் வெளிக்கிடாது. தெரியாதே உங்களுக்கு?" பிறகு, ஒரு பழைய விசயம் நினைவு வந்தவர் போலச் சொன்னார்: "அண்டைக்கு ஒப்பரேசனுக்கு முதல் நான் நேரம் கேட்டதும் அதுக்குத்தான். எத்தினை மணிமட்டும் பொறுக்கவேணும் எண்டு வள்ளக்காரருக்குச் சொல்லவேணுமெல்லோ. நீங்கள் மூண்டு மணிக்கே முடிச்சுப்போட்டு வந்து ஓடுங்கோ எண்டு சொன்னனீங்கள்."

கடலைப் பார்த்து வளர்ந்தவன், தீவான் என்று நெஞ்சை நிமிர்த்தியவன், இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஓடுகிறவர்களை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். யாருக்காகவோ காத்து நின்ற வள்ளத்தைக் கண்டதேயில்லை.

அப்போதுதான் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மணிக்கூடு, மூன்றாவது கிண்ணம், இளைய டொக்டரை அடக்கியது, குறிப்பில் எழுதியது, ஃபோனில் சொன்னது எல்லாம்.

ராசதுரை வீங்கிய காலைத் தடவியபடி கேட்டார்: "அதை எடுத்திருந்தால் எனக்கு இது வந்திராதோ?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது. எடுத்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் அங்கை இருக்குதோ இல்லையோ எண்டு தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தால் மருந்தை அப்பவே தொடங்கியிருப்பம். அந்தச் சந்தர்ப்பத்தை நான் உங்களுக்குத் தரேல்லை."

"நான் ஒரு என்ஜினைப் பூட்டேக்கை ஒரு வாசர் குறைஞ்சாலும் ஆளுக்குச் சொல்லிப்போட்டுத்தான் குடுக்கிறனான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பரமேஸ்வரி அழவில்லை. என்னை நேரே பார்த்தார். "நான் பதினெட்டு வருசம் பொறுத்து நிண்ட மனிசி, டொக்டர். உங்களுக்கும் அதைச் சொன்னனான். ஒரு மணித்தியாலம் பொறுக்கமாட்டன் எண்டு ஏன் நினைச்சனீங்கள்?"

நான் அவர் தந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ராசதுரை சுவரைப் பார்த்தபடியே, "தேத்தண்ணி ஆறப்போகுது, அவரைக் குடிக்கச் சொல்லும்" என்று மனைவிக்குச் சொன்னார். குடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை.

அவர் அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். நான் மாதம் ஒருமுறை போனேன். வலிக்கு மருந்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன், அதுமட்டும்தான் என் கையில் மிஞ்சியிருந்தது. மூன்றாவது தரம் போனபோது மறுபடி என்னோடு என்ஜினைப் பற்றிக் கதைத்தார். மன்னித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆளில்லாத நேரம் கதைக்க ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும்.

அந்தக் கடைசி வரிசைப் பிள்ளைக்கு இப்போது மறுமொழி சொல்லுகிறேன். எண்ணிக்கை பற்றிப் பெரிய பெரிய வாதங்கள் நடந்திருக்கின்றன. வழமையான எல்லைக்கு மேலே, வயிற்றின் பெரிய நாடி வரை ஏறி ஏறி எடுத்தால் ஆயுள் கூடும் என்று ஒரு காலத்தில் நாங்கள் உறுதியாக நம்பினோம். நம்பிய அளவுக்கு அது மெய்ப்படவில்லை, உபத்திரவம்தான் கூடியது. ஆகவே எல்லையைத் தாண்டச் சொல்லி நான் சொல்லவரவில்லை. ஆனால் எல்லைக்குள் பாதியில் கையை எடுத்துவிட்டு, எப்படியும் ஆயுளுக்கு நிச்சயம் இல்லைத்தானே என்று அந்த வாதத்தின் பின்னால் ஒளியாதீர்கள். நான் ஒளிந்து பார்த்தேன், இடம் போதாது. ஆறு கிண்ணமும் நிறையவேண்டும். நிறையாவிட்டால் உண்மையான காரணத்தை எழுதுங்கள். உங்கள் எதிரே நிற்கிற இளையவர் விரலுக்குத் தட்டுப்படுகிறது என்று சொன்னால் ஒருதரம் நீங்களும் தொட்டுப் பாருங்கள். அன்று எனக்கு அப்படிச் சொன்னவர் இன்று உங்களில் பலருக்கு மேலதிகாரி. இதை வாசிப்பார். நீர் சரியாகத்தான் சொன்னீர், ஐயா. ஆட்கள் ஏதும் கேட்டால், கேட்டு முடிக்க விடுங்கள். என் பழைய குறிப்பை இனி என்னால் திருத்த ஏலாது. இந்தக் கட்டுரையை அதற்குத் திருத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். இடது உள் நாடியோரம் எடுக்கவில்லை. காரணம்: வள்ளம்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை ராசதுரை வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, ஓட்டோ பிடித்துத் துறைக்கு வந்தேன். வழியெல்லாம் அந்த மனிசியின் கேள்விதான் காதில். வள்ளம் போயிருக்கவேண்டும், என்னைப்போல ஒருவனுக்காக யார் காத்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை கூட எனக்கு இருந்தது. போயிருந்தால், வள்ளம் யாருக்கும் நிற்காது என்று நான் நினைத்தது கொஞ்சமாவது சரியாகியிருக்கும்.

வள்ளம் நின்றது. என்ஜினை நிறுத்திவிட்டு வள்ளக்காரர் கயிற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளே கிழமை முடிவுக்கு யாழ்ப்பாணம் போகிற பள்ளிக்கூட ரீச்சர்மார் பத்துப் பன்னிரண்டு பேர் வெய்யிலுக்குக் குடை பிடித்தபடி இருந்தார்கள். குறிகட்டுவானில் அவர்களுடைய பஸ் போயிருக்கும், அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கவேண்டுமோ. ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு ரீச்சர் தன் பையைத் தூக்கி மடியில் வைத்து எனக்கு இடம் விட்டார்.

"ஏறுங்கோ டொக்டர், பாத்து. ராசதுரை அண்ணைக்கு எப்பிடி?" என்று வள்ளக்காரர் கேட்டார்.

"எவ்வளவு நேரமாய் நிக்கிறியள்?" என்றேன்.

அவர் வெய்யிலை அண்ணாந்து பார்த்தார். "ஒரு மணித்தியாலம் இருக்கும்" என்றார். "அதுக்கென்ன, ஒரு மணித்தியாலம்தானே."